பேஸ்மேக்கருக்குத் தெரியாமல் மாத்திரை மாற வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் டெக்னீஷியன். யார் எந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை அல்ல. ஆனால் மாத்திரை மாறும்போது கருவிக்கும் இதயத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

சோதனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பேஸ்மேக்கர் வெச்சாச்சுங்களே, இனி மாத்திரை எதுக்குங்க?" இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "மாத்திரையை மாத்தியிருக்காங்க, இது என் பேஸ்மேக்கருக்கு ஒத்துக்குங்களா?" நம் குடியிருப்பில் நெஞ்சுக்குள் கருவி வைத்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இந்த இரண்டாவது கேள்வியை இன்று எல்லோருமாகக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இதயத்தின் மின்சாரம். இதயத்தின் மேல் பகுதியில், வலது பக்கத்தில், சைனஸ் முடிச்சு என்று ஒன்று உண்டு. அது தானாக ஒரு சிறு மின் துடிப்பை உண்டாக்கும். அந்தத் துடிப்பு மேல் அறைகளில் பரவி, நடுவே இருக்கும் இன்னொரு முடிச்சில் கொஞ்சம் நின்று, பிறகு கீழ் அறைகளுக்கு இறங்கும். அப்போதுதான் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை இது நடக்கிறது. மேலே துடிப்பு உண்டாவது குறைந்தாலோ, கீழே இறங்கும் பாதை அடைபட்டாலோ நாடி 30, 40 என்று இறங்கிவிடும். தலை சுற்றும், கண் இருட்டும், ஆள் விழுந்துவிடுவார். அதற்குத்தான் பேஸ்மேக்கர்.

உடம்புக்குள் முதல் பேஸ்மேக்கரை வைத்தது 1958 அக்டோபரில், சுவீடனில். நோயாளியின் பெயர் ஆர்னே லார்சன். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், அறுவை செய்தவர் ஓக்கே சென்னிங். அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். எனவே, "இதை வெச்சா எத்தனை நாள் தாங்கும்?" என்று பயப்பட வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர்ப் பக்கம் மோட்டார் தெரியாதவர் யாருமில்லை. போர்வெல் மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்தால் மட்டும் போதாது, போதுமான வோல்டேஜ் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்குமே தவிர, சுற்றாது. இதயமும் அப்படித்தான். பேஸ்மேக்கர் அனுப்பும் துடிப்பு ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் இதயத் தசை சுருங்கும். அதற்குக் கீழே எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை. இதயத்தை எழுப்பத் தேவையான அந்தக் குறைந்தபட்ச அளவை நாங்கள் 'த்ரெஷோல்ட்' என்போம். அநேகமாக 0.4 மில்லி செகண்ட் நீளத் துடிப்பில் 1 வோல்ட்டோ அதற்கும் குறைவோ இருந்தால் நல்ல அளவு.

சோதனையின்போது நாங்கள் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவோம். ஏதோ ஒரு இடத்தில் துடிப்பு போகும், ஆனால் இதயம் எழுந்திருக்காது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அளவைக் கருவியில் வைத்துவிடுவோம். 0.75 வோல்ட்டில் எழுந்தால் 1.5 அல்லது 2 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு.

"எதுக்குங்க அளந்து பார்த்துட்டு? எடுத்த எடுப்பிலேயே 5 வோல்ட் வெச்சிட்டாப் போச்சு" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. வைக்கலாம். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும், கருவியை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு உதரவிதானமும் சேர்ந்து துடித்து விக்கல் போல வரும். அதனால்தான் தேவைக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்து நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தக் கையிருப்பு எதற்கு என்றால், த்ரெஷோல்ட் ஒரே இடத்தில் நிற்காது. தூங்கும்போது கொஞ்சம் ஏறும், சாப்பிட்ட பிறகு ஏறும், எழுந்து நடந்தால் இறங்கும். ஒயர் புதிதாக வைத்த முதல் சில வாரங்களில் ஏறிப் பிறகு படியும். தைராய்டு குறைந்தால் ஏறும். ரத்தத்தில் பொட்டாசியம் அதிகமானால் ஏறும். இதய ஓட்டத்தைச் சீராக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் ஏறும்.

அந்த மாத்திரைகளுக்கு நம் மலைகளோடு ஒரு உறவு உண்டு. காரமடையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிறதே நீலகிரி, அங்கே 1860களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மெக்ஐவர் அதை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் உண்டாயின. வால்பாறைப் பக்கம் 'சின்கோனா' என்றே ஒரு ஊர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இத்தனையும் மலேரியாவுக்கான கினைனுக்காக. அந்த மரப்பட்டையிலேயே கினைனுக்கு உடன்பிறப்பாக இன்னொரு பொருளும் இருக்கிறது. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. பெயர் கினிடின்.

1912ல் வென்கெபாக் என்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். நாடி தாறுமாறாக ஓடும் நோய் அவருக்கு. கிழக்கு நாடுகளில் இருந்து பழகியவர். "ஒரு கிராம் கினைன் சாப்பிட்டால் எனக்கு இது நின்றுவிடும்" என்றார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் காலை அவர் சீரான நாடியோடு வந்து நின்றார். வென்கெபாக் இதை 1914ல் எழுதினார். 1918ல் வால்டர் ஃபிரே என்ற மருத்துவர், அந்தப் பட்டையிலுள்ள பொருள்களில் இதற்கு நன்றாகக் கேட்பது கினிடின்தான் என்று காட்டினார். இதய ஓட்ட மாத்திரைகளில் ஒரு பெரிய குடும்பம் இப்படித்தான் தொடங்கியது.

அந்தக் குடும்பத்தில் நம் நாட்டு மருந்தும் ஒன்று உண்டு. 1931ல் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். மறைந்திருக்கும் ஒருவகைப் பரம்பரை இதய ஓட்டக் கோளாறைக் கண்டுபிடிக்க, அதை ஊசியில் ஏற்றி ஈசிஜி பார்க்கும் சோதனை இன்றும் உலகில் பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது.

இந்தக் குடும்பம் என்ன செய்கிறது? இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம் உள்ளே நுழைய சின்னச் சின்ன கேட்டுகள் இருக்கின்றன. கேட் திறந்து சோடியம் பாய்ந்தால்தான் மின் துடிப்பு உண்டாகும். இந்த மருந்துகள் அந்த கேட்டுகளில் சிலவற்றை அடைத்துவிடும். தாறுமாறாகப் பரவும் மின்சாரம் அதனால் அடங்கும். அதற்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பேஸ்மேக்கர் எழுப்ப வேண்டியதும் அதே செல்லைத்தான், அதே கேட் வழியாகத்தான். பாதி கேட் அடைத்திருந்தால் எழுப்ப அதிக வோல்டேஜ் வேண்டும். பேரிங் இறுகிய மோட்டாருக்குப் பழைய கரன்ட் போதாது என்பது போல.

இதில் பேஸ்மேக்கர்காரர்கள் பெயரை நினைவில் வைக்க வேண்டிய மருந்து ஃப்ளெகைனைட். கூடவே புரோபஃபினோன். ஃப்ளெகைனைட் மருந்தின் குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது: பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இதைத் தொடங்கும் முன் த்ரெஷோல்ட் பார்க்க வேண்டும், தொடங்கி ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், பிறகு அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறினால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது. வோல்டேஜையோ துடிப்பின் நீளத்தையோ இரட்டிப்பாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்போதைய கருவிகளில் இது மேலிருந்தே செய்கிற வேலை, ஊசி கூடக் கிடையாது. ஆக, மருந்து கெட்டதல்ல, கருவியும் கெட்டதல்ல. மருந்து மாறிய சேதி கருவியைச் சோதிப்பவருக்கு வந்து சேராததுதான் ஆபத்து.

யாருக்கு ஆபத்து அதிகம்? சிலருக்கு இதயம் தானாகவும் ஓடும், பேஸ்மேக்கர் துணைக்கு மட்டும் இருக்கும். அவர்களுக்கு ஒன்றிரண்டு துடிப்பு தவறினாலும் சமாளித்துக்கொள்ளும். இன்னும் சிலருக்குப் பாதை முழுதும் அடைபட்டு, கருவி ஒன்றையே நம்பி இதயம் ஓடும். அவர்களுக்கு த்ரெஷோல்ட் கையிருப்பைத் தாண்டினால் மயக்கம்தான். நீங்கள் இந்த இரண்டில் எந்த வகை என்று அடுத்த சோதனையில் அவசியம் கேளுங்கள்.

இனி கொஞ்சம் நுட்பமான விஷயம். இந்த மருந்துகளின் வேலை, இதயம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

ஃப்ளெகைனைட் கேட் திறந்திருக்கும்போதுதான் உள்ளே போய் உட்காரும். கேட் ஓய்வாக இருக்கும்போது மெல்ல விலகும், அதற்குப் பல செகண்ட் ஆகும். இதயம் மெதுவாக ஓடினால் விலக நேரம் கிடைக்கும். வேகமாக ஓடினால் விலகும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிடும், அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆக, ஓட ஓடப் பிடி இறுகும் மருந்து இது. ஈசிஜியில் அலை அகலமாவதைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பார்கள். இந்த மருந்தைத் தொடங்கிய பிறகு சிலரை டிரெட்மில்லில் ஓடச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி முழுக் கதையையும் சொல்லாது.

இதற்கு நேர் எதிரானது இன்னொரு குடும்பம். சோட்டலால் அதில் ஒன்று. இது சோடியம் கேட்டைத் தொடாது. துடிப்பு முடிந்தபின் பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்து, செல் ஓய்வெடுக்கும் நேரத்தை நீட்டும். ஈசிஜியில் 'க்யூடி' என்று டாக்டர்கள் அளப்பது இதைத்தான். இந்த மருந்தின் வேலை இதயம் மெதுவாக ஓடும்போது அதிகம், வேகமாக ஓடும்போது குறைவு. நாடி மிகவும் குறைந்தால் ஓய்வு நேரம் அளவுக்கு மேல் நீண்டு, ஆபத்தான வேறொரு ஓட்டம் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் மருத்துவர்கள் செய்யும் காரியங்களில் ஒன்று, பேஸிங் வேகத்தைக் கூட்டி இதயத்தை விரைவாக ஓட்டுவது. ஒரு மருந்தில் வேகம் பிடியை இறுக்குகிறது, இன்னொன்றில் வேகமே பிடியைத் தளர்த்துகிறது. "ரெண்டும் இதய ஓட்ட மாத்திரைதானே, ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணு" என்று நினைக்கக் கூடாது.

நம்மிடம் அதிகம் புழங்குவது அமியோடரோன். பேஸ்மேக்கர் த்ரெஷோல்ட்டை இது பொதுவாகப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அதனால் தைராய்டு குறையலாம். தைராய்டு குறைந்தால் த்ரெஷோல்ட் ஏறும் என்று முன்பே சொன்னேன். சுற்றி வந்து அதே இடம். இது உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். "போன வாரமே நிறுத்திட்டேனுங்க" என்றால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஷாக் கொடுக்கும் கருவி, அதாவது ஐசிடி வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு இத்தனை துடிப்புக்கு மேல் போனால்தான் அபாயம் என்று அந்தக் கருவிக்குச் சொல்லி வைத்திருப்போம். அமியோடரோன் போன்ற மருந்துகள் அந்த அபாய ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும். ஓட்டம் நிற்காமல், வேகம் மட்டும் நாம் வைத்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், கருவி அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். சிலருக்கு ஷாக் அளவும் கூடுதலாகத் தேவைப்படலாம். எனவே மருந்து மாறினால் இந்தக் கருவியின் எல்லைகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

பீட்டா பிளாக்கர், டிகாக்சின் இவை வழக்கமான அளவில் த்ரெஷோல்ட்டைப் பெரிதாகத் தொடுவதில்லை. சொல்லப்போனால் பேஸ்மேக்கர் இருப்பதால்தான் சிலருக்கு இவற்றைத் தைரியமாகக் கொடுக்கிறார்கள். இவை நாடியைக் குறைக்கும், குறையும்போது கருவி தாங்கிப் பிடிக்கும். "பேஸ்மேக்கர் வெச்சாச்சே, மாத்திரை எதுக்கு?" என்ற முதல் கேள்விக்குப் பதில் இதுதான். கருவி நாடி குறையாமல் பார்த்துக்கொள்ளும். தாறுமாறான ஓட்டத்தை அடக்குவது மாத்திரையின் வேலை. ஒன்று இருப்பதால் மற்றதை நிறுத்த முடியாது.

அடுத்த வீட்டுக்காரருக்கு நல்லா இருக்கிறது என்று மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு நடுநடுவே தப்புத் துடிப்புகள் வரும். அவற்றை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று உலகம் முழுக்க நினைத்தார்கள். அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1991ல் வெளியான முழுக் கணக்கு இது: ஃப்ளெகைனைட் அல்லது என்கைனைட் கொடுக்கப்பட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட 743 பேரில் இறந்தது 26 பேர்தான். தப்புத் துடிப்பு அடங்கத்தான் செய்தது, ஆனால் சாவு கூடியது. அதே ஃப்ளெகைனைட், இதயத் தசை நன்றாக இருப்பவருக்கு இன்றும் நல்ல மருந்து. மருந்து ஒன்றுதான், எந்த இதயத்துக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை.

ஒன்று. இதய ஓட்ட மாத்திரை புதிதாகத் தொடங்கினாலோ, அளவு மாறினாலோ, நிறுத்தினாலோ, பேஸ்மேக்கர் சோதிக்கும் இடத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள். "செக்கப் எப்போ வரட்டுங்க?" என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு. கருவியின் அட்டையை மணிபர்ஸில் வையுங்கள். அதோடு தற்போதைய மாத்திரைப் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். கலரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பெயர் வேண்டும்.

மூன்று. உங்கள் கருவியின் குறைந்தபட்ச வேகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வாரம் ஒருமுறை மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடி எண்ணிப் பாருங்கள். நடுவில் வரும் தப்புத் துடிப்பு கைக்குத் தெரியாது என்பதால் ஒன்றிரண்டு குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாகவே குறைந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

நான்கு. பொட்டாசியம். கிட்னி பலவீனமாக இருப்பவர்கள், ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிப்பதும், 'லோ சோடியம்' உப்புக்கு மாறுவதும் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. அது மிகவும் ஏறினால் பேஸ்மேக்கர் துடிப்புக்கு இதயம் பதில் சொல்லாமல் போகலாம். பேதியில் பொட்டாசியம் குறைந்தால் வேறு வில்லங்கம். சோட்டலால் போன்ற மருந்துகள் அப்போதுதான் ஆபத்தாகும். பேதி, வாந்தி ஒரு நாளைக்கு மேல் போனால் டாக்டரிடம் போங்கள்.

ஐந்து. மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரைகள். வாந்திக்கு டொம்பெரிடோன், சளிக்கு அசித்ரோமைசின். இரண்டும் க்யூடியை நீட்டக்கூடியவை. சோட்டலால், அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் இவற்றைச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

ஆறு. கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று சொல்ல வேண்டாம். 108ஐ அழையுங்கள். கோவைக்குப் போகும் வழியில் மேட்டுப்பாளையம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காரமடை தேர்த்திருவிழா நாளென்றால் கேட்கவே வேண்டாம். சொந்தக் காரில் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்புவதை விட, உள்ளே ஆளும் கருவியும் இருக்கும் ஆம்புலன்ஸ் மேல். ஈசிஜியில் பேஸ்மேக்கர் கோடு தெரிந்து, அதன் பின்னால் இதயத்தின் அலை இல்லை என்றால், பார்த்தவுடன் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. விருப்பமுள்ளவர்கள் மட்டும், தங்கள் கருவி அட்டையின் நகலையும் மாத்திரைப் பட்டியலையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்தால் லிஃப்டைப் பிடித்து வைக்கவும், கேட்டைத் திறந்து வைக்கவும் வாட்ச்மேன்களுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிடலாம். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கூட்டம் முடிந்ததும் இங்கேயேதான் இருப்பேன். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் காட்டலாம். எதைச் சாப்பிடுவது என்று சொல்ல மாட்டேன். எந்த மாத்திரைக்கு த்ரெஷோல்ட் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிறேன்.